ஓய்வுக்குப் பிறகு எழுத வந்தால் ஓய்வூதியம் போய்விடுமா?

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். கடிதம் எட்டுப் பக்கம். 'பொருள்', 'பார்வை 1', 'பார்வை 2' என்று தலைப்பிட்டு, பத்திக்குப் பத்தி எண் போட்டிருக்கிறார். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எழுதியவர் எந்தத் துறையில் இருந்தவர் என்று தெரிந்துவிட்டது. தெரு, ஏரி, மண்டபம் ஆகிய மூன்றின் பெயர்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சேலம் மாநகராட்சிக்குள் குடியிருப்பவர். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2022-ல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். காலையில் நடக்கப் போகும் வழியில் ஓர் ஓடை. சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கி ஏரிக்குப் போவது. இரண்டு மழைக்கு ஒருமுறை அது தெருவுக்குள் புகுந்துவிடுகிறது. ஏன் என்று பார்த்தால், ஓடையில் பாதி ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் இருக்கிறது. மனு எழுதினார். கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் டோக்கன் வாங்கி நின்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். ஒரு நாளிதழுக்கு அனுப்பிய வாசகர் கடிதம் அச்சில் வந்தது. அந்த ருசி விடவில்லை. இப்போது உள்ளூர் மாத இதழ் ஒன்றில் பத்தி எழுதுகிறார், ஃபேஸ்புக்கிலும் எழுதுகிறார். தெருவில் அவருக்கு 'ஏரி சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மூன்று மாதங்களுக்கு முன் எழுதிய ஒரு பதிவில் மண்டப உரிமையாளரை 'நில அபகரிப்பாளர்' என்றும், பொறுப்பில் இருக்கும் அதிகாரி ஒருவரைப் பெயர் சொல்லி 'வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டவர்' என்றும் எழுதிவிட்டார். உரிமையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: 15 நாளில் நிபந்தனையற்ற மன்னிப்பு, 25 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு, இல்லாவிட்டால் சிவில், கிரிமினல் இரண்டு வழக்கும். மகன் பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து 'இந்த வயசுல எதுக்குப்பா இது' என்கிறார். மனைவி எதுவும் சொல்வதில்லையாம். அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது என்று எழுதியிருக்கிறார். கைது செய்வார்களா, ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா, எழுதுவதை விட்டுவிட வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

எட்டாம் பக்கத்தின் கடைசிப் பத்திக்கு மட்டும் எண் இல்லை. 2011-ல் அதே பகுதிக்கு வருவாய் ஆய்வாளராக இருந்தபோது, அந்த மண்டபத்துக்கு 'ஆட்சேபணை இல்லை' என்று அறிக்கை கொடுத்தவரே அவர்தானாம். 'பணம் வாங்கவில்லை. மேலே இருந்து சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன்' என்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தில் முதலில் இருக்க வேண்டிய பத்தி அது. அதற்கு வருகிறேன். முதலில் 15 நாள் கெடு.

நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் தராவிட்டால் போலீஸ் வரும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வராது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 என்று நாம் சொல்லிவந்தது இதுதான். அதிகபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை என்றும் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 223-ம் பிரிவின்படி, அந்தப் புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வாய்ப்பு கிடையாது. பின்னால் இரு தரப்பும் சமாதானமாகப் போவதற்கும் வழி உண்டு.

'66ஏ-வில் உள்ளே தள்ளிவிடுவோம்' என்று போனில் ஒருவர் மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது. செத்த பிரிவைச் சொல்லி மிரட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை நானும் பார்க்கிறேன். அந்த அழைப்பு வந்த தேதி, நேரம், எண்ணைக் குறித்து வையுங்கள்.

25 லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டீசில் எழுத எந்தத் தொகைக்கும் செலவில்லை. அதையே தமிழ்நாட்டில் சிவில் வழக்காகப் போட்டால் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 75,000 ரூபாயை அவர் முதலில் கட்ட வேண்டும். நோட்டீசில் இருக்கும் பல லட்சங்கள் வழக்குரையில் சில லட்சங்களாகச் சுருங்குவது இதனால்தான். வழக்கே போட மாட்டார் என்று நான் சொல்லவில்லை. சிவில் வழக்குக்குப் பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டும், கிரிமினல் புகாருக்கு மூன்றாண்டும் அவருக்கு இருக்கின்றன.

பதில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் கொடுங்கள், வக்கீல் மூலம் கொடுங்கள், நீங்களே உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். 35 வருஷம் குறிப்புக் கோப்பு எழுதிய கை சும்மா இருக்காது என்று தெரியும். பதிலே புது அவதூறாகிப் போன கட்சிக்காரர்களை வக்கீலாக நான் பார்த்திருக்கிறேன்.

எது உண்மை, எதை நிரூபிக்க முடியும்

'நான் எழுதியது உண்மை, அதனால் பயமில்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன்.

கிரிமினல் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டும் பாரம் உங்கள் தலையில். ஓடை விஷயத்தில் பொது நன்மையைக் காட்டுவது சுலபம், தெருவே நனைகிறது. ஆனால் உங்கள் பதிவில் இரண்டு வகை வாக்கியங்கள் கலந்து கிடக்கின்றன. 'ஓடைப் புறம்போக்கில் மதில் நிற்கிறது' என்பது ஒரு வகை. பதிவேடும் வரைபடமும் அதற்குச் சாட்சி. 'வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு' என்பது இன்னொரு வகை. யார் கொடுத்தார், எப்போது, எவ்வளவு? உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. 'ஊருக்கே தெரியும்' என்கிறீர்கள். ஊரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

'என்று கூறப்படுகிறது' சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம், 'இது என் சொந்தக் கருத்து' என்று கீழே போட்டுவிட்டால் போதும் என்று பத்தி எழுதுபவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டும் குடையே இல்லாத குடைக்கம்பி. கருத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. பொது ஊழியர் தம் பணியில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும், பொதுப் பிரச்சினையில் எவரும் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்குத் தனி விலக்குகளே உண்டு. ஆனால் சட்டத்தில் 'நல்லெண்ணம்' என்றால் நல்ல மனசு என்று பொருள் அல்ல. உரிய கவனத்தோடு விசாரித்து, சரிபார்த்துச் சொன்னதா என்பதே அளவுகோல்.

இதில் நம் மாநிலத்திலிருந்தே போன ஒரு வழக்கு உங்களுக்கு உதவும். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை ஒரு பத்திரிகை வெளியிட முயன்றபோது, அதிகாரிகளின் பெயர் கெடும் என்று அரசுத் தரப்பு தடுக்கப் பார்த்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், முன்கூட்டியே தடுக்க அதிகாரம் இல்லை என்றது. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்றது. அதிகாரியின் பணி தொடர்பான நடத்தை என்றால், எழுதியது தவறாகவே இருந்தாலும், நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று காட்டினால் போதும் என்றும் சொன்னது. (மறு ஆண்டு சங்கர் தூக்கிலிடப்பட்டது நம் சேலம் மத்திய சிறையில். அஸ்தம்பட்டியில் கோர்ட்டுக்குப் போகும் நாட்களில் சில சமயம் இது நினைவுக்கு வரும்.)

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இரண்டு விதமாக ஏமாறலாம். ஒன்று, அது சிவில் நஷ்ட ஈட்டைப் பற்றியது. கிரிமினல் அவதூறுப் பிரிவு செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தனியாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு, அந்தக் கூடுதல் பாதுகாப்பு அதிகாரியைப் பற்றி எழுதும்போதுதான். உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பவர் மண்டப உரிமையாளர், தனி மனிதர். அதிகாரி இதுவரை வாய் திறக்கவில்லை. நீங்கள் அதிகம் திட்டியது அவரை. வலுவான பதில் உங்களிடம் இருப்பது உரிமையாளர் விஷயத்தில். அதிகாரி விஷயத்தில் உங்களிடம் ஒன்றுமே இல்லை.

ஆகவே என் ஆலோசனை இது. பதிவை முழுதாக அழிக்க வேண்டாம். முதலில் தேதி, பின்னூட்டங்களோடு படமெடுத்து, அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்த 'வாங்க வேண்டியதை' வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, திரும்பப் பெறுகிறேன்' என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். 'நில அபகரிப்பாளர்' என்பதையும் எடுங்கள். அது ஒரு குற்றத்தின் பெயர். அதன் இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'நகர நில அளவைப் பதிவேட்டின்படி இந்த எண் ஓடைப் புறம்போக்கு. இன்ன தேதியில் நான் பார்த்தபோது அதில் மதில் நின்றது. நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ம் பிரிவு நோட்டீஸ் கொடுத்தீர்களா என்று கேட்டேன். 30 நாள் முடிந்தும் பதில் இல்லை.' இதில் ஒரு வசவு கூட இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலாக நான் இருந்தால், உங்கள் பழைய பதிவைக் கையில் வாங்கிச் சிரிப்பேன். இதைப் படித்தால் சிரிக்க மாட்டேன்.

பரணில் இருக்கும் ஜெராக்ஸ்

பணியில் இருந்தபோது எடுத்த கோப்பு நகல்கள் ஒரு இரும்புப் பெட்டி நிறைய இருப்பதாகவும், 'தேவைப்பட்டால் ஒவ்வொன்றாக வெளியிடுவேன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நடத்தை விதிகள் பணியில் இருப்பவர்களுக்குத்தான். அதனால் நீங்கள் இன்று அரசை விமர்சிக்கலாம், பத்தி எழுதலாம், அதற்கு மதிப்பூதியம் வாங்கலாம் (வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்). ஆனால் பதவியால் கைக்கு வந்த காகிதம் ஓய்வோடு உங்கள் சொத்தாகிவிடாது. 'இது எப்படி உன்னிடம் வந்தது' என்ற கேள்வி எழுந்துவிட்டால், ஓடையை விட்டுவிட்டு எல்லோரும் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

வேறெந்த ஓய்வுபெற்றவருக்கும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டில் கிடக்கும் என்று தெரியும். சாதாரண மனுதாரர் 'ஆக்கிரமிப்பு குறித்த விவரம் தரவும்' என்று கேட்பார், 'விவரம் இல்லை' என்று பதில் வரும். நீங்கள் ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, போட்டுக் கேட்கலாம். தன்பதிவேட்டின் (எழுத்தர் தம் கோப்புகளைப் பதியும் ஏடு) இன்ன மாதப் பக்கத்தைக் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய ஒரு தாளில், சான்றிட்ட நகலாக, சட்டப்படி அது உங்கள் கைக்கு வரும். நில அளவைப் பதிவேடு, வரைபட விவரங்களைத் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆறு தகவல் மனுக்களின் நகல்களையும் படித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், நான்கு மனுக்கள் கேள்வித்தாள் மாதிரி இருக்கின்றன. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' 'இது சட்டப்படி சரியா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவேட்டில் இருப்பதைத்தான் பொதுத் தகவல் அலுவலர் தர வேண்டும். விளக்கமும் கருத்தும் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்ல என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 'ஏன்' என்பதை எடுத்துவிட்டு, 'இந்த மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புப் பக்கங்களின் நகல்' என்று கேளுங்கள். ஏன் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும். கோப்பை நேரில் பார்வையிடவும் அதே சட்டம் உரிமை தருகிறது. நீங்கள் இதுவரை ஒருமுறை கூட அதைக் கேட்கவில்லை.

அந்த அதிகாரியின் சொத்து விவரத்தையும் ஒரு மனுவில் கேட்டிருக்கிறீர்கள். அது இனிமேல் கிடைப்பது கடினம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றியது. அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குப் பிரிவு விரிந்திருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். நிலத்தையும் அனுமதியையும் பற்றிக் கேட்டால் அந்தச் சந்துக்குள் போகவே வேண்டாம்.

பதில் வராத இரண்டு மனுக்களுக்கு முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாளைத் தவற விட்டிருக்கிறீர்கள். நியாயமான காரணம் சொன்னால் தாமதத்தை ஏற்க இடமுண்டு. ஆனால் புதிதாகவே கேட்டுவிடுங்கள், அதுதான் சீக்கிரம். உங்கள் பெயரில் கேளுங்கள். தொடங்கப் போவதாகச் சொல்லும் சங்கத்தின் பெயரில் கேட்டால், 'குடிமக்களுக்குத்தான் உரிமை' என்று 3-ம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

2011-ல் போட்ட கையெழுத்து

எண் இல்லாத பத்திக்கு வருகிறேன்.

நோட்டீசின் 6-ம் பத்தியைத் திரும்பப் படியுங்கள். 'உரிய வருவாய் அலுவலர்களின் அறிக்கை பெற்றே கட்டடம் எழுப்பப்பட்டது' என்று இருக்கிறது. அந்த அலுவலர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெயரைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் பத்திக்குப் பதிலாக அந்த அறிக்கையின் நகல் தெருவெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றினால், 'ஏரி சார்' பற்றித் தெரு என்ன பேசும்? அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

வக்கீலாக எனக்கு இதில் தயக்கம் உண்டு. கட்சிக்காரர் தனக்கு எதிராகத் தானே எழுதிக் கொடுக்கும் காகிதத்தை எந்த வக்கீலும் விரும்ப மாட்டார். ஆனால் உங்கள் பத்தியைப் படிக்கும் வாசகனாக யோசித்தால், ஓடையைப் பற்றி எழுதத் தகுதியானவர் அந்த அறிக்கையை எழுதியவர்தான். மேலே இருந்து சொன்னார்கள் என்றால் எப்படிச் சொன்னார்கள்? போனிலா, கூப்பிட்டா, குறிப்பு எழுதியா? ஆட்சேபணை இல்லை என்று எழுத ஒரு வருவாய் ஆய்வாளருக்கு எத்தனை நிமிஷம் ஆகும்? இதை வெளியிலிருந்து எந்தப் பத்திரிகையாளராலும் எழுத முடியாது.

அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். 15 வருஷத்துக்கு முன் எழுதியது உங்கள் நினைவில் இருப்பது போலவே காகிதத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். 'ஓடையின் எல்லை நீங்கலாக ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்தால் கதையே வேறு. 'நேரில் பார்வையிட்டேன்' என்று பார்வையிடாமல் எழுதியிருந்தாலும் கதை வேறுதான். அந்தக் கோப்பை நீங்களே தகவல் உரிமையில் கேளுங்கள். பத்தாண்டு மட்டும் வைத்திருக்கும் 'பத்தாண்டு முடிவு', ப.மு. என்று மூடியிருந்தால் இந்நேரம் அழித்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியானால் அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். மண்டபத்தின் கட்டட அனுமதிக் கோப்பில் உங்கள் அறிக்கை இணைப்பாகப் போயிருக்க வேண்டும், அது மாநகராட்சியிலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ இருக்கும். எங்குமே இல்லை, பரணில் இருக்கும் உங்கள் ஜெராக்ஸ்தான் மிச்சம் என்றால், அதை யாரிடமும் காட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் உங்கள் வக்கீலிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வெளியிடுவதா, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதா என்பதை அப்புறம் பேசலாம்.

இதோடு ஒட்டியதுதான் ஓய்வூதியக் கேள்வி. ஓய்வூதியம் அரசின் பிச்சை அல்ல, அது உங்கள் உடைமை என்று 1971-லும், கருணைக்கொடை அல்ல என்று 1982 டிசம்பர் 17-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னதுதான் நகாரா தீர்ப்பு. ஓய்வூதியர் தினமாக நீங்கள் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். 1978-ம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 8-ம் விதி, கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றாலோ கடும் ஒழுங்கீனம் நிரூபணமானாலோ ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்க இடம் தருகிறது. பத்திரிகையில் ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதியது அதில் வராது. 9-ம் விதி, பணிக்காலத்தில் நடந்ததற்காக ஓய்வுக்குப் பின் துறை நடவடிக்கை தொடங்குவதைப் பற்றியது. அரசின் ஒப்புதல் வேண்டும், அதோடு நடவடிக்கை தொடங்கும் நாளுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த சம்பவமாக இருக்க வேண்டும். 2011 அந்த எல்லையைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. அறிக்கைக்காகப் பணம் கைமாறியது என்ற கிரிமினல் குற்றச்சாட்டுக்கு இந்த நான்காண்டுக் கணக்கு பொருந்தாது. வாங்கவில்லை என்று சொல்கிறீர்கள், அதை நம்பித்தான் எழுதுகிறேன். அதில் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், கட்டுரை எழுதுவதற்கு முன்னால் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

மற்ற கேள்விகள்

பொதுநல வழக்கு: 'மதுரைக் கிளையில் போட்டால் சீக்கிரம் முடியும்' என்று நண்பர் சொன்னது நடக்காது. சேலம் மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் இப்போதே போகாதீர்கள். மனுதாரருக்குச் சொந்தத் தொடர்பு எதுவும் இல்லை என்று உறுதி சொல்ல வேண்டிய வழக்கு அது. அந்த 2011 அறிக்கையை மறைத்துவிட்டுப் போனால் வழக்கும் போகும், செலவுத் தொகையும் கட்டச் சொல்வார்கள். தெருக்காரர் வேறு ஒருவர் மனுதாரராகவும், நீங்கள் விவரம் தெரிந்த சாட்சியாகவும் இருப்பது நல்லது.

பிரஸ் கார்டு: 5,000 ரூபாய்க்கு அடையாள அட்டையும் வண்டிக்கு ஸ்டிக்கரும் தருவதாக ஒருவர் வந்தாரா? காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த அட்டை தரும் உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை. எதிரிக்குத்தான் அது உதவும்.

அலுவலகத்துக்குப் போகும்போது: நோட்டீசை விட எனக்குக் கவலை தருவது இதுதான். போன மாதம் உதவிப் பொறியாளர் அறையில் 'கொஞ்சம் சத்தமாக' பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் நிஜமாகவே கைதாவது அவதூறில் அல்ல. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார், தாக்கினார் என்ற புகாரில்தான். நியாய சன்ஹிதாவின் 132-ம் பிரிவு போட்டுவிட்டால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம். சட்டையைப் பிடித்தீர்களா, கை நீட்டிப் பேசினீர்களா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். தனியாகப் போகாதீர்கள். மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். உங்களிடம் வேலை பழகிய பையன்கள் இன்று அந்த நாற்காலியில் இருக்கலாம். அவர்கள் எழுந்து நிற்கவில்லை என்ற வருத்தம் உங்கள் கடிதத்தின் ஓரங்களில் தெரிகிறது. நீங்கள் இப்போது மனுதாரர், ஐயா. வரிசையில் நிற்கும் மனுதாரர்.

மண்டபத்துக்குள் போய் டேப் பிடித்து அளந்ததும் அதே ரகம். பட்டா நிலத்துக்குள் கால் வைக்காதீர்கள். கூட்டு நில அளவை கேட்டு மனு கொடுங்கள். வார்டில் பகுதி சபா கூடினால் அங்கே ஓடையைப் பொருளாக வைக்கச் சொல்லி, தீர்மானம் எழுதும் வரை எழுந்து வராதீர்கள். ஏட்டில் ஏறிய தீர்மானத்துக்கு உங்கள் பத்தியை விட ஆயுள் அதிகம்.

மகனுக்கு ஒரு பதில். இந்த ஊரின் நகராட்சித் தலைவராக 1917-ல் இருந்த ராஜாஜி, 1959-ல் 80 வயதில் புதுக்கட்சி தொடங்கினார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆகவே வயதைப் பற்றி மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. பணத்தைப் பற்றி அவர் பயப்படுவதை ஏற்கிறேன். வழக்கு வந்தால் எத்தனை ரூபாய் வரை செலவழிப்பீர்கள், எந்தப் பணத்திலிருந்து என்று இப்போதே ஒரு தொகையை முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். சேம நிதியில் மனைவிக்கென்று வைத்ததைத் தொட மாட்டேன் என்பதும் அதில் இருக்கட்டும்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். 2011-ல் நடந்தது அவருக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் தெரியாது என்றுதான் படுகிறது. தெருவுக்குச் சொல்வதற்கு முன்னால், ஃபேஸ்புக்குக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்லுங்கள். இது சட்ட ஆலோசனை அல்ல.

நோட்டீசில் தேதி 3 என்று போட்டிருக்கிறது, உங்கள் கைக்கு எப்போது வந்தது என்று எழுதவில்லை. 15 நாளைக் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். உறையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், வருவாய்த் துறைக்காரர். தபால் முத்திரையோடு அதையும், பதிவின் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். மாத இதழுக்கு அடுத்த பத்தி அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால், இந்த ஒரு மாதம் நிறுத்தி வைக்கும்படி ஆசிரியருக்குப் போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.